பழைய அமெரிக்க வெள்ளி நாணயம் சேர்ப்பது எப்படி: அச்சோடு பிறந்த குறை எது, பிறகு வந்த குறை எது

1795ஆம் ஆண்டு டாலர் ஒன்றைக் கையில் எடுக்கிறீர்கள். பெண்ணின் கூந்தலுக்குக் குறுக்கே வரிவரியாக இணைகோடுகள் ஓடுகின்றன. யாரோ அரத்தால் அராவிக் கெடுத்துவிட்டார்கள் என்று கீழே வைக்கத் தோன்றும். அரத்தால் அராவியது உண்மைதான். ஆனால் அது நடந்தது பிலடெல்ஃபியா நாணயச்சாலைக்குள்ளேயே, அச்சடிப்பதற்கு முன்னால். 1792 ஏப்ரல் 2ஆம் தேதிச் சட்டப்படி ஒரு டாலர் 416 கிரெயின் (ஒரு கிரெயின் ஏறத்தாழ 0.065 கிராம்) எடை இருக்க வேண்டும், அதில் 371.25 கிரெயின் சுத்த வெள்ளி இருக்க வேண்டும். வில்லை, அதாவது இன்னும் அச்சடிக்காத வட்டத் தகடு, கனமாக இருந்தால் அரம் போட்டுக் குறைத்தார்கள். இலேசாக இருந்தால் சில 1794, 1795 நாணயங்களில் நடுவில் துளையிட்டு ஒரு வெள்ளி ஆணியைச் செருகி, அதன் மேலேயே அச்சடித்தார்கள்.

இந்தத் துறையில் ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்: நாணயச்சாலையில் நேர்ந்ததையும் வெளியே வந்த பிறகு நேர்ந்ததையும் பிரித்துப் பார்க்கத் தெரியாததில். முதல் வகைக் குறை நாணயத்தின் வரலாறு. இரண்டாம் வகை சேதம். விலையும் மதிப்பும் இந்தப் பிரிவில்தான் நிற்கின்றன. கீழே சொல்லும் வழிமுறை முழுவதும் இந்த ஒரு பழக்கத்தைக் கண்ணுக்குக் கொண்டுவருவதற்காகத்தான்.

எதில் தொடங்குவது

தொடக்ககால வெள்ளி என்று இங்கே சொல்வது 1794 முதல் 1839 வரையிலான ஐந்து மதிப்புகள்: அரை டைம் (5 சென்ட்), டைம் (10 சென்ட்), கால் டாலர், அரை டாலர், டாலர். ஒவ்வொரு மதிப்பிலும் ஒவ்வொரு வடிவமைப்புக்கும் ஒன்று என்று சேர்த்தால் 21 நாணயங்கள் வரும். கேட்க எளிது. ஆனால் அந்த 21இல் இரண்டு பெரும் தடைகள் உண்டு. சிறிய கழுகு கொண்ட கால் டாலர் 1796இல் மட்டுமே வந்தது, மொத்தம் 6,146தான். சிறிய கழுகு அரை டாலர் 1796, 1797 இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து 3,918. தேய்ந்துபோனவைகூடப் பெரும் செல்வர்களின் பேரப்பொருள். முழுத் தொகுப்பை இலக்காக வைத்துத் தொடங்கினால் பாதி வழியில் மனம் சோர்ந்துவிடும்.

நாங்கள் சொல்லும் தொடக்கம் ஐந்தே நாணயங்கள்: 1829-37 அரை டைம், 1828-37 சிறிய அளவு டைம், 1831-38 சிறிய அளவு கால் டாலர், 1807-36 எழுத்து விளிம்பு அரை டாலர், 1836-39 வரிவிளிம்பு (விளிம்பில் எழுத்துக்குப் பதில் வரிகள் கொண்ட) அரை டாலர். ஐந்திலும் ஒரே கேப்டு பஸ்ட் முகம், துணித்தொப்பி அணிந்த லிபர்ட்டி, அதாவது சுதந்திரத்தைக் குறிக்கும் பெண் உருவம். ஒரே முகத்தை ஐந்து அளவில் பார்க்கும்போது தேய்மானம் எந்த இடத்தில் முதலில் விழுகிறது என்பது கண்ணில் ஊறிவிடும். பிறகு மற்றவற்றுக்குப் போகலாம்.

அந்த ஐந்திலும் அதிகம் பழகவேண்டியது 1807-36 அரை டாலர். சேகரிப்பாளர்கள் இதை 'பஸ்ட் ஹாஃப்' என்பார்கள். இது இன்றும் நல்ல நிலையில் ஏராளமாகக் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. அமெரிக்க டாலர்களை வெளிநாட்டுக்குக் கொண்டுபோய், சற்றுக் கூடுதல் வெள்ளி உள்ள ஸ்பானிஷ் டாலராக மாற்றி இலாபம் பார்க்கிறார்கள் என்பதால் 1804இல் டாலர் அடிப்பது நின்றது. 1836 வரை திரும்ப வரவில்லை. அதனால் அரை டாலரே மிகப்பெரிய வெள்ளி நாணயமாக ஆகி, வங்கிகளின் பெட்டகத்தில் இருப்பாக மூட்டையில் கிடந்தது. வங்கிக்கு வங்கி போனதே தவிர, கைக்குக் கை அதிகம் போகவில்லை. அதன் பலன் இன்று நமக்கு.

வடிவமைப்புகளை அடையாளம் காண்பது

மூன்று முகங்கள், மூன்று கழுகுகள். இதை மனப்பாடம் செய்துகொண்டால் போலிகளில் ஒரு பங்கு அங்கேயே கழியும்.

முதல் முகம் ஃப்ளோயிங் ஹேர், விரிகூந்தல், 1794-95. அரை டைம், அரை டாலர், டாலர் மூன்றில் மட்டும். பின்பக்கம் மெலிந்த சிறு கழுகு, மாலைக்குள். இரண்டாவது டிரேப்டு பஸ்ட்: கூந்தலில் நாடா, தோளில் துணி மடிப்பு. டாலரில் 1795இலேயே வந்துவிட்டது, மற்றவற்றில் 1796இலிருந்து. இதற்கு முதலில் சிறு கழுகும் பிறகு மார்பில் கேடயம் தாங்கிய பெரிய கழுகும் பின்பக்கமாக அமைந்தன. பெரிய கழுகு டைம், டாலரில் 1798இல், அரை டைமில் 1800இல், அரை டாலரில் 1801இல், கால் டாலரில் 1804இல் வந்தது. இரண்டு முகங்களையும் செதுக்கியவர் தலைமைச் செதுக்குநர் ராபர்ட் ஸ்காட். பெரிய கழுகைக் கவனித்தால் ஒரு விநோதம் தெரியும்: நாட்டின் முத்திரையில் கழுகின் வலது காலில் ஆலிவ் கிளையும் இடது காலில் அம்புகளும் இருக்க, நாணயத்தில் அம்புகள் வலது காலுக்கு மாறியிருக்கின்றன. ஆகவே அந்த இடமாற்றத்தைப் போலியின் அடையாளமாக எடுக்கக் கூடாது. மாறாமல் இருந்தால்தான் சந்தேகிக்க வேண்டும்.

மூன்றாவது கேப்டு பஸ்ட், 1807இல் ஜான் ரைக் செய்தது. ஜெர்மனியில் பிறந்த இவர் ஆண்டுக்கு 600 டாலர் சம்பளத்தில் உதவிச் செதுக்குநராகச் சேர்ந்தார். பத்து ஆண்டுகள் ஒரு காசு கூடவில்லை, 1817இல் விலகிவிட்டார். அவர் காலத்து நாணயங்கள் பலவற்றில் முன்பக்கத்தின் 13ஆவது நட்சத்திரத்தில், அதாவது வலப்புறம் ஆண்டுக்கு அருகே உள்ள கடைசி நட்சத்திரத்தில், ஒரு முனையில் சின்னஞ்சிறு வெட்டு இருக்கும். அது அவருடைய இரகசியக் கையெழுத்து என்பது சேகரிப்பாளர்களின் நம்பிக்கை. எழுத்துச் சான்று இல்லை. லென்ஸில் அந்த வெட்டு முதல்முறை தெரியும்போது வரும் மகிழ்ச்சிக்குச் சான்று எதுவும் தேவையில்லை.

மதிப்பு எங்கே எழுதியிருக்கிறது என்பதும் பயனுள்ள குறிப்பு. 1792 சட்டம் லிபர்ட்டி உருவம், ஆண்டு, கழுகு, நாட்டின் பெயர் ஆகியவற்றைக் கேட்டதே தவிர, வெள்ளியில் மதிப்பு எழுதச் சொல்லவில்லை. அதனால் ஆரம்பகால டாலரின் இரு முகங்களிலும் மதிப்பு இல்லை. விளிம்பில் 'ஹண்ட்ரட் சென்ட்ஸ் ஒன் டாலர் ஆர் யூனிட்' என்று பதித்திருக்கும். அரை டாலர் விளிம்பில் 'ஃபிஃப்ட்டி சென்ட்ஸ் ஆர் ஹாஃப் எ டாலர்'. கேப்டு பஸ்ட் வந்த பிறகுதான் கழுகுக்குக் கீழே '50 சி.' போன்ற எழுத்து நிலைத்தது. வரிவிளிம்பு அரை டாலரில் 1836-37இல் '50 சென்ட்ஸ்' என்றும் 1838-39இல் 'ஹாஃப் டால்.' என்றும் இருக்கும்.

நட்சத்திரங்களை எண்ணுங்கள். மாநிலம் கூடக்கூட நட்சத்திரம் கூட்டலாம் என்று நினைத்தார்கள். 1796இல் டென்னசி சேர்ந்ததும் 15, 16 ஆனது. இப்படியே போனால் இடம் போதாது என்று தெரிந்து 13க்குத் திரும்பினார்கள். 1797 அரை டைமில் 13, 15, 16 மூன்று எண்ணிக்கையும் உண்டு.

எந்த ஆண்டில் என்ன அடிக்கவில்லை என்பதைச் சிறு அட்டையில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அரை டாலரில் 1798, 1799, 1800, 1804, 1816 ஆண்டுகள் கிடையாது. 1816 ஜனவரியில் நாணயச்சாலையில் தீப்பிடித்து உருட்டாலை பாழானதுதான் அந்த ஆண்டின் வெறுமைக்குக் காரணம். கால் டாலரில் 1796க்கும் 1804க்கும் இடையே ஒன்றுமில்லை; 1808-14, 1816-17, 1826, 1829-30 இல்லை. டைமில் 1799, 1806, 1808, 1810, 1812, 1813, 1815-19, 1826 இல்லை. அரை டைமில் 1798, 1799, 1804 இல்லை; 1805க்கும் 1829க்கும் இடையே எதுவுமே இல்லை. 1804 என்று பொறித்த டாலர் உலகில் தெரிந்தவை ஏறத்தாழ பதினைந்து மட்டும், அவையும் 1834இலும் அதற்குப் பிறகும் அடித்தவை. சயாம் அரசருக்கும் மஸ்கட் சுல்தானுக்கும் பரிசளிக்கவே முதலில் அவற்றைச் செய்தார்கள். ஆகவே யாராவது 1804 டாலரை நீட்டினால் லென்ஸை எடுக்கக்கூட வேண்டாம்.

கருவிகள்

பெரிய செலவில்லை. தரம் பார்க்க 5 அல்லது 7 மடங்கு லென்ஸ், நுணுக்கம் பார்க்க 10 மடங்கு லென்ஸ். அதற்கு மேல் வேண்டாம். 20 மடங்கில் எல்லா நாணயமும் மோசமாகத்தான் தெரியும். 0.01 கிராம் காட்டும் தராசும் அதைச் சரிபார்க்க ஒரு படிக்கல்லும். பிளாஸ்டிக் தாடை கொண்ட காலிப்பர். இரும்புத் தாடை விளிம்பைக் கீறும். ஒற்றைப் புள்ளியிலிருந்து ஒளி வரும் பழைய குண்டு பல்ப் அல்லது ஹாலஜன் விளக்கு. குழல்விளக்கின் பரவலான ஒளியில் நுண்கீறல்கள் மறைந்துவிடும், அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மேசைமேல் தடித்த மென்துணி விரித்து, அதன் மேலேயே நாணயத்தை விளிம்பில் பிடித்துப் பாருங்கள். முகத்தில் விரல் பட்டால் ரேகை சில மாதங்களில் கருமையாகப் பதிந்துவிடும்.

எடையும் அடர்த்தியும்

சட்டப்படியான எடைகள்: டாலர் 26.96 கிராம், அரை டாலர் 13.48, கால் டாலர் 6.74, டைம் 2.70, அரை டைம் 1.35. மாற்று, அதாவது ஆயிரம் பங்கில் சுத்த வெள்ளியின் பங்கு, 892.4. 1837 ஜனவரியில் மாற்று 900 ஆனது, அரை டாலர் 13.36 கிராமுக்கு இறங்கியது. ஆகவே 1838 நாணயம் 13.3 காட்டினால் பதறவேண்டாம். எழுத்து விளிம்பு அரை டாலர் அதிகம் தேயாமல் இருந்தும் 13.2க்குக் கீழே போனால் காரணம் தேடுங்கள்: விளிம்பை அராவியிருக்கலாம், அல்லது வெள்ளியே அல்ல. அளவு ஏறத்தாழ 32.5 மில்லிமீட்டர், வரிவிளிம்பு வகை 30.

எடை மட்டும் சரியாக இருப்பது போதாது. அடர்த்தி பாருங்கள். முறை இது:

1. நாணயத்தைக் காற்றில் எடைபோட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.
2. சிறு கண்ணாடிக் கோப்பையில் வாலைவடி நீர் ஊற்றித் தராசில் வைத்து, சுழியம் ஆக்குங்கள்.
3. மெல்லிய நைலான் நூலில் நாணயத்தைச் சுருக்கிட்டு, நீருக்குள் முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலும் பக்கத்திலும் தொடக்கூடாது.
4. தராசு காட்டும் எண், நாணயம் இடம்பெயர்த்த நீரின் எடை. முதல் எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி.

892.4 மாற்று வெள்ளிக்கு விடை 10.3 அளவில் வரவேண்டும். 13.48 கிராம் அரை டாலர் 1.31 கிராம் நீரை இடம்பெயர்க்கும். 1830களிலேயே இந்த அரை டாலரை ஜெர்மன் சில்வர் என்னும் செம்பு-நிக்கல்-துத்தநாகக் கலவையில் போலி செய்தார்கள். அதே எடையில் அது இருந்தால் 1.55க்கு மேல் காட்டும். காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் அடர்த்தி குறைவாகத் தெரியும். நூலை இலேசாக ஆட்டிக் குமிழியை விடுவியுங்கள். அரை டைமுக்கு இந்தத் தராசு உதவாது. அது இடம்பெயர்ப்பது 0.13 கிராம்தான், தராசு 0.01 பிசகினாலே விடை 9.6க்கும் 11.3க்கும் இடையே அலையும். அதற்கு 0.001 கிராம் தராசு வேண்டும்.

அந்தக் காலத்துப் போலிகளை மட்டும் குப்பை என்று நினைக்காதீர்கள். அவற்றைத் தனியாகச் சேர்ப்பவர்களே இருக்கிறார்கள். இன்றைய போலிகள் வேறு: உண்மை நாணயத்திலிருந்து பிரதி எடுத்த அச்சில் அடித்தவை. மூல நாணயத்தில் இருந்த ஒரு கீறலோ பள்ளமோ எல்லாப் பிரதியிலும் அதே இடத்தில் வரும். பெரிய தொகை கொடுக்குமுன் அதே ஆண்டின் பழைய ஏலப் படங்களோடு ஒப்பிட்டு, ஒரே சிராய்ப்பு இரண்டு நாணயத்தில் தெரிகிறதா என்று பார்ப்பது அதனால்தான்.

முகத்தைப் படிப்பது

இப்போது முக்கியமான வேலை. ஒவ்வொரு குறையையும் பார்த்து, அச்சுக்கு முன்னா, அச்சின்போதா, பிறகா என்று கேளுங்கள்.

அராவிய கோடுகளிலிருந்து தொடங்குவோம். அச்சு விழும்போது பள்ளங்களுக்குள் உலோகம் பாய்ந்து பழைய கோடுகளை அழித்துவிடும். உலோகம் முழுக்கப் போய்ச் சேராத மேட்டுப்பகுதியிலும் விளிம்போரத்திலும் மட்டும் கோடுகள் தப்பும். ஆகவே நாணயச்சாலைக் கோடு கூந்தலின் உச்சியிலோ முகத்தின் ஓரத்தைச் சுற்றியுள்ள சிறு பற்களிலோ தெரியும், அதன் கரைகள் மழுங்கியிருக்கும், காலக் கறுப்பு அதற்குள்ளும் ஒரே சீராக இறங்கியிருக்கும். பிற்காலக் கீறல் மேடு பள்ளம் பார்க்காமல் எழுத்தையும் தளத்தையும் ஒரே இழுப்பில் கடந்துபோகும். ஓரத்தில் கூர்மையான பிசிறு தெரியும்.

அடுத்தது மங்கலான பகுதி. பஸ்ட் ஹாஃபில் கழுகுக்கு மேல் உள்ள நாடாவில் 'ஈ ப்ளூரிபஸ் யூனம்' என்ற வாசகத்தின் சில எழுத்துகள் அடிக்கடி காணாமல் போயிருக்கும். தேய்மானம் என்று நினைப்பீர்கள். நாணயத்தைத் திருப்புங்கள். அமெரிக்க நாணயத்தில் பின்பக்கத்தின் மேல்பகுதிக்கு நேர் எதிரே இருப்பது முன்பக்கத்தின் கீழ்ப்பகுதி, அதாவது மார்பும் துணி மடிப்பும். அந்த இரண்டு இடமும் சேர்ந்து மங்கியிருந்தால் உலோகம் இரண்டு பக்கமும் நிரப்பப் போதவில்லை என்று பொருள். அது பலவீனமான அடி. பலவீனமான அடியும் உண்மையான தேய்மானமும் வேறுவேறு விதமாகத் தெரியும்: தேய்ந்த மேடு வழவழப்பாக, மந்தமான சாம்பல் நிறத்தில் இருக்கும். அடி விழாத மேடு சற்றுச் சொரசொரப்பாக, பிறவிப் பளபளப்போடு இருக்கும். 1794 டாலர்களில் இடப்பக்க நட்சத்திரங்கள் மங்கியிருப்பதும் இந்த வகை. அச்சுகள் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கவில்லை, இயந்திரமும் அந்த அளவுக்குப் போதாது.

புடைத்த கோடு கண்டால் மகிழுங்கள். அச்சில் விரிசல் விட்டால் உலோகம் அதற்குள் புகுந்து நாணயத்தில் மெல்லிய புடைப்புக் கோடாக நிற்கும். கீறல் பள்ளம், விரிசல் மேடு. இந்த ஒன்று மட்டும் மறக்கவே கூடாது. இரண்டு அச்சும் வில்லை இல்லாமல் மோதிக்கொண்டால் கழுகின் நிழல் லிபர்ட்டியின் தாடையருகே தெரியும், அதுவும் குறையல்ல.

விளிம்பை யாரும் பார்ப்பதில்லை, நீங்கள் பாருங்கள். 1836 வரையிலான அரை டாலர்களின் விளிம்பெழுத்தை அச்சடிக்குமுன் கேஸ்டாங் இயந்திரத்தில் பதித்தார்கள். இரண்டு இணைச் சட்டங்கள், ஒவ்வொன்றிலும் பாதி வாசகம், நடுவே வில்லை உருண்டு போகும். வழுக்கினால் எழுத்து எழுத்தின்மேல் ஏறும், அல்லது இடைவெளி விழும். அவை சரிதான். எழுத்தின் தலைகள் சீவப்பட்டிருந்தால் அராவியிருக்கிறார்கள். 12 மணி இடத்தில் எழுத்து அழிந்து பற்றவைத்த தடம் இருந்தால் ஒருகாலத்தில் பதக்கமாகத் தொங்கியது. அடைத்த துளையும் பெரும்பாலும் அங்கேதான். ஒளியைச் சாய்த்துப் பார்த்தால் வட்டமான ஒரு நிற வேறுபாடு தெரியும், அங்கே செதுக்கிய எழுத்து மற்ற எழுத்தோடு பொருந்தாது.

கழுவிய நாணயத்தைக் கண்டுபிடிக்க ஒரு விதி போதும். தேய்ந்த வெள்ளி சாம்பல் நிறமாக இருக்கவேண்டும்; எழுத்துகளைச் சுற்றியும் கூந்தல் பள்ளத்திலும் கருமை தங்கியிருக்கவேண்டும். கூந்தல் பாதி தேய்ந்தும் முகம் புதுப்பாத்திரம் போல வெள்ளையாக மின்னினால் யாரோ தேய்த்திருக்கிறார்கள். குண்டு பல்பின் கீழ் மெதுவாகச் சாய்த்துச் சுழற்றுங்கள்: ஒரே திசையில் ஓடும் நூலிழைக் கீறல்கள் ஒரு கோணத்தில் சட்டென்று ஒளிரும். சுழலும் தூரிகையால் தேய்த்திருந்தால் எழுத்துகளின் ஒரு பக்கத்தில் உலோகம் ஒதுங்கி வரப்புக் கட்டியிருக்கும். தேயாத நாணயத்தின் உண்மையான பளபளப்பு சாய்க்கும்போது சக்கர ஆரங்கள் போலச் சுழலும். தேய்த்துக் கொண்டுவந்த மினுமினுப்பு அசையாமல் நிற்கும்.

தரம்

1 முதல் 70 வரையிலான ஷெல்டன் அளவுகோலில்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எண்ணுக்கு முன் வரும் எழுத்து தரத்தின் பெயர்ச் சுருக்கம்: ஜி குட், விஜி வெரி குட், எஃப் ஃபைன், விஎஃப் வெரி ஃபைன், இஎஃப் எக்ஸ்ட்ரீம்லி ஃபைன். பஸ்ட் ஹாஃபுக்குக் கண் வைக்கவேண்டிய இடம் தோளில் உள்ள கொக்கியும் அதற்கு மேலே உள்ள சுருள்முடியும். ஜி-4இல் ஆண்டும் எழுத்தும் நட்சத்திரமும் படிக்கலாம், தொப்பி வழவழப்பு. விஜி-8இல் தலைப்பட்டையில் 'லிபர்ட்டி' மங்கலாகத் தெரியும். எஃப்-12இல் கொக்கியும் சுருளும் எல்லைக்கோட்டோடு நிற்கும். விஎஃப்-20இல் கொக்கி தெளிவு, சுருளின் உச்சியில் மட்டும் தேய்மானம். இஎஃப்-40இல் புருவமும் மேலுள்ள முடியும் தனித்தனியாகத் தெரியும். கொக்கி பகுதியில் அடி பலவீனமாக இருந்தால் இந்த அளவுகோல் பொய் சொல்லும். அப்போது காதின் மேலுள்ள சுருள்களையும் கழுகின் இறகுகளையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

எங்கள் பரிந்துரை விஎஃப்-20க்கும் இஎஃப்-45க்கும் இடையே, ஒருபோதும் கழுவாத, சாம்பல் நிற நாணயம். அதைவிட உயர்ந்த எண் போட்ட, கழுவி வெளுத்த ஒன்றை மலிவாக வாங்கியவர்கள் விற்கும்போதுதான் வருந்துகிறார்கள். நாணயத்தைச் சோதித்துத் தரம் குறித்துத் தரும் நிறுவனங்களான பிசிஜிஎஸ், என்ஜிசி இரண்டும் சேதமுள்ளவற்றை எண் இல்லாமல் 'டீட்டெயில்ஸ்' என்று குறித்துப் பெட்டியில் அடைக்கும். பெட்டியின் சீட்டு உதவி மட்டுமே. பெட்டி விளிம்பை மறைக்கிறது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

அச்சு வகைகள்

இங்கேதான் ஆர்வம் தீராத நோயாகிறது. அக்காலத்தில் உருவத்தை மட்டும் ஒரு முதன்மை முத்திரையால் அச்சில் இறக்கினார்கள். நட்சத்திரம், எண், எழுத்து எல்லாம் ஒவ்வொன்றாகச் சுத்தியலால் குத்தியவை. அதனால் எந்த இரண்டு அச்சும் ஒத்திராது. 1807-36 அரை டாலரில் மட்டும் முன்-பின் அச்சு இணைகள் 450க்கும் மேல். இவற்றைப் பட்டியலிட்ட ஓவர்ட்டன் என்பவரின் பெயரால் வரும் ஓவர்ட்டன் எண் இவற்றின் முகவரி: ஒவ்வோர் ஆண்டுக்கும் 101இல் தொடங்கும். அதே அச்சு பிறகு விரிசலிட்டாலோ செப்பனிடப்பட்டாலோ எண்ணுக்குப் பின் 'ஏ', 'பி' என்று எழுத்து சேரும்.

குத்தியவரின் கை தவறிய இடங்கள் கண்ணாடி இல்லாமலேயே தெரியும். 1807இல் '20' என்று குத்திவிட்டு மேலே '50' குத்தினார்கள். 1813இல் நாட்டின் பெயரின் முதல் மூன்று எழுத்துகளைத் தலைகீழாக அடியில் குத்தத் தொடங்கி, தவறு தெரிந்ததும் அவற்றின் மேலேயே '50 சி.' குத்தினார்கள். கால் டாலரில் இன்னும் அழகு: '50'இன் மேல் '25' குத்திய ஓர் அச்சை 1822இல் பயன்படுத்தி, எடுத்து வைத்து, 1828இல் மறுபடி எடுத்து அடித்தார்கள். ஆண்டெண்ணின் மேல் ஆண்டெண் குத்துவது சர்வசாதாரணம், ஏனென்றால் எஃகு அச்சு விலையுயர்ந்தது. 1815 அரை டாலர் அனைத்தும் 1812 அச்சின் '2'ஐ '5' ஆக்கியவை, 47,150 மட்டும் அடித்தார்கள். 1817இன் '7'க்குக் கீழே '4' தெரிந்தால் உட்கார்ந்துகொள்ளுங்கள். அப்படிப்பட்டவை ஒரு டஜன் அளவுதான் தெரிந்திருக்கின்றன. '3' தெரிந்தால் அது அவ்வளவு அரிதல்ல.

இணையைக் கண்டுபிடிக்கும் வரிசை இது. முதலில் ஆண்டெண்: எண்களின் உயரம் சமமா, அடியில் பழைய எண் எட்டிப்பார்க்கிறதா, மார்பின் கோட்டுக்கும் கடைசி எண்ணுக்கும் எவ்வளவு இடைவெளி. பிறகு முதல் நட்சத்திரத்துக்கும் மார்புக்கும் உள்ள தூரம், 13ஆவது நட்சத்திரத்தின் வெட்டு. திருப்பினால் மேல் வட்ட எழுத்துகளுக்கு நேர் கீழே நாடா வாசகத்தின் எந்த எழுத்து நிற்கிறது, '50 சி.' அம்புமுனையையும் கிளையையும் எவ்வளவு நெருங்குகிறது, கேடயத்தின் செங்குத்துக் கோடுகள் மேலுள்ள படுக்கைக் கோடுகளுக்குள் ஏறுகின்றனவா. கடைசியில் விரிசல்கள். முதல் தடவை ஒரு மணி நேரம் ஆகும். நூறாவது தடவை அரை நிமிடம். ஓர் எச்சரிக்கை: விரிசலை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். விரிசல் அச்சின் வாழ்நாளில் வளரும், இளம் அச்சில் அது இருக்காது. எழுத்தின் இடம் மட்டுமே மாறாதது.

அரிய நிலையை ஆர்-1 முதல் ஆர்-8 வரை சொல்வார்கள். ஆர்-1 என்றால் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. ஆர்-4 என்றால் 76 முதல் 200. ஆர்-5 என்றால் 31 முதல் 75. ஆர்-7 என்றால் 4 முதல் 12. ஆர்-4, ஆர்-5 நாணயங்கள் இன்றும் சாதாரண விலையில், வகை பார்க்காத விற்பனையாளரின் தட்டில் கிடைக்கின்றன. படிப்புக்குக் கிடைக்கும் கூலி அது.

பாதுகாப்பது

வளைந்து கொடுக்கும் மென்மையான பிளாஸ்டிக் உறைகளில் பிவிசி இருக்கும். அது சிதைந்து நாணயத்தின்மேல் பச்சைப் பிசுக்காகப் படியும். விறைப்பான மைலார் உறை அல்லது உறுதியான பிளாஸ்டிக் கூடு பயன்படுத்துங்கள். அட்டைச் சட்டமானால் ஸ்டேப்பிள் ஊசியைக் குறட்டால் தட்டையாக்குங்கள். பக்கத்து நாணயத்தைக் கீறுவது அதுதான். இரப்பர் வளையம், கம்பளி, செய்தித்தாள், ஓக் மரப்பெட்டி எதுவும் அருகில் வேண்டாம். அவற்றிலிருந்து வரும் கந்தகமும் அமிலமும் வெள்ளியைக் கெடுக்கும். சிலிக்கா ஜெல் பை ஒன்று போட்டு, அது நிறம் மாறியதும் மாற்றுங்கள்.

பச்சைப் பிசுக்கு ஏற்கெனவே படிந்திருந்தால் சுத்தமான அசிட்டோன் உதவும். நகச்சாயம் நீக்கும் திரவம் வேண்டாம், அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில் நாணயம் மூழ்க ஊற்றி, மூடி, பத்து நிமிடம் விடுங்கள். இன்னொரு கிண்ணத்துப் புது அசிட்டோனில் ஒருமுறை அலசி, தானாக உலரவிடுங்கள். துடைக்காதீர்கள், தேய்க்காதீர்கள். அறையில் காற்றோட்டம் வேண்டும், அடுப்போ விளக்குச் சுடரோ அருகில் இருக்கக்கூடாது. இதற்கு மேல் எதுவும் செய்யவேண்டாம். வெள்ளிப் பாத்திரம் துலக்கும் பசை, சோடா உப்பு, அமிலக் கரைசல் எல்லாமே உலோகத்தின் மேற்பரப்பைத் தின்றுவிடும். இருநூறு ஆண்டுக் கறுப்பு போனால் திரும்ப வராது.

வாங்கிய அன்றே ஓர் அட்டை எழுதுங்கள்: ஆண்டு, ஓவர்ட்டன் எண், எடை, அடர்த்தி, உங்கள் கணிப்பில் தரம், விலை, யாரிடம், எந்தத் தேதி. முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு மூன்றையும் ஒரே விளக்கின் கீழ் படம் எடுங்கள். விளிம்புக்கு ஒரு படம் போதாது. நாணயத்தைக் கால்வட்டம் கால்வட்டமாகத் திருப்பி நான்கு படங்கள். எழுத்து எங்கே ஏறியிருக்கிறது, எங்கே விட்டுப்போயிருக்கிறது என்பதை அட்டையில் குறித்துவைத்தால் நாணயம் என்றாவது களவுபோனாலும் அடையாளம் சொல்ல அது போதும்.